சி.ஆர்.பி. 64, இ.எஸ்.ஆர். 4: நுரையீரல் அடைப்பு நோயில் இந்த எண்களை எப்படிப் படிப்பது?

அந்திவானம் கேட்டது:

என் தந்தையாருக்கு வயது 67. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், அதாவது சி.ஓ.பி.டி., இருப்பது ஆறு ஆண்டுகளுக்கு முன் உறுதியானது. நாற்பது ஆண்டுகள் புகைத்தவர், நோய் தெரிந்த மறு ஆண்டே அதை அறவே விட்டுவிட்டார். கடைசியாகச் செய்த ஸ்பைரோமெட்ரியில், முதல் நொடியில் அவர் ஊதி வெளியேற்றிய காற்று, அவருடைய வயதுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டியதில் 48 விழுக்காடுதான் இருந்தது.

அவருடைய இரத்தப் பரிசோதனை முடிவுகளை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வருகிறேன். சென்ற ஆண்டு, உடல்நிலை சீராக இருந்தபோது எடுத்த முதல் அறிக்கையில், அழற்சியைக் காட்டும் புரதம் என்று சொல்லப்படும் சி.ஆர்.பி. 0.9, மொத்த வெள்ளையணுக்கள் 8,500, அவற்றில் ஈசினோஃபில் 4 விழுக்காடு. ஏழு மாதம் கழித்து வேறோர் ஆய்வகத்தில் எடுத்தோம். அப்போதும் அவர் சீராகவே இருந்தார், ஆனால் சி.ஆர்.பி. 7.4 என்றும் இரத்தம் உறைவதில் பங்குகொள்ளும் ஃபைப்ரினோஜென் என்ற புரதம் 412 என்றும் வந்தது. கடந்த மாதம் ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு விளக்கைப் போட்டுப் பார்த்தால், கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, உதட்டைக் குவித்து மூச்சை ஊதி ஊதித் தள்ளிக்கொண்டிருந்தார். பேச்சு ஒரு சொல்லுக்கு மேல் வரவில்லை. உடனே மருத்துவமனையில் சேர்த்தோம். சேர்த்த மூன்றாம் நாள் அறிக்கையில் சி.ஆர்.பி. 64, வெள்ளையணுக்கள் 13,200, நியூட்ரோஃபில் 88 விழுக்காடு, ஈசினோஃபில் 0.3 விழுக்காடு, இ.எஸ்.ஆர். 4, ஹீமோகுளோபின் 18.1 என்று இருந்தது. வீடு திரும்பியபின், நோய் திடீரென முற்றிய அந்த நாளிலிருந்து பதினான்காம் நாள் எடுத்த சி.ஆர்.பி. 18.

என் ஐயங்கள் இவை. நலமாக இருந்த காலத்திலேயே ஏழு மாதத்தில் சி.ஆர்.பி. எட்டு மடங்கு கூடியது என்றால், உள்ளே நுரையீரல் அவ்வளவு விரைவாகக் கெட்டுக்கொண்டிருந்தது என்று பொருளா? அழற்சியைக் காட்டும் சோதனைகள் என்று சொல்லப்படும் இரண்டில் ஒன்று 64 என்று ஏறியிருக்கும்போது மற்றொன்று 4 என்று எப்படி இருக்க முடியும்? ஈசினோஃபில் இருப்பதால் ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர் பயன் தரும் என்று முன்பு சொன்னார்கள். இப்போது அது ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டதே, அந்த இன்ஹேலர் இனிப் பயனற்றதா? கடைசியாக, இந்தச் சி.ஆர்.பி.யையே குறைக்கும் மருந்து ஏதேனும் கொடுத்தால் நோயின் வேகம் தணியாதா? அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


சோதனைக்குழாய் எழுதியது:

நான் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் பல ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். மருத்துவக் கருத்துச் சொல்வது என் வேலையன்று. ஆனால் உங்கள் முதல் ஐயத்துக்கு விடை நோயில் இல்லை, அறிக்கைத் தாளிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். அன்புகூர்ந்து அந்த இரண்டு அறிக்கைகளையும் எடுத்து, எண்ணுக்கு வலப்பக்கத்தில் சிறிய எழுத்தில் என்ன அலகு அச்சிடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். சில ஆய்வகங்கள் சி.ஆர்.பி.யை ஒரு லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று தருகின்றன, வேறு சில ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று தருகின்றன. லிட்டரில் பத்தில் ஒரு பங்கு டெசிலிட்டர் என்பதால், இரண்டாவது வகை எண்ணைப் பத்தால் பெருக்கினால்தான் முதல் வகையோடு ஒப்பிட முடியும். முதல் அறிக்கையின் 0.9 டெசிலிட்டர் கணக்கில் இருந்தால் அது லிட்டருக்கு 9. அப்படியானால் ஏழு மாதத்தில் 9 என்பது 7.4 ஆகியிருக்கிறது, அதாவது சற்றே குறைந்திருக்கிறது.

தாங்களே நோட்டில் எழுதி வைப்பவர்களிடம் இந்தப் பிழையை நான் அடிக்கடி பார்க்கிறேன். எண்ணைக் கவனமாக எழுதுவார்கள், அலகை விட்டுவிடுவார்கள். ஒவ்வொரு வரியிலும் எண், அலகு, அந்த ஆய்வகம் தரும் இயல்பு எல்லை, இரத்தம் எடுத்த நேரத்தில் உள்ளே போய்க்கொண்டிருந்த மருந்துகள் ஆகிய நான்கையும் எழுதுங்கள். முடிந்தவரை ஒரே ஆய்வகத்தில் எடுப்பதும் நல்லது. அலகு ஒன்றாகவே இருந்தாலும், கருவிக்குக் கருவி சிறிய வேறுபாடு வரத்தான் செய்யும்.

இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. சி.ஆர்.பி. என்ற இந்தப் புரதம் முதன்முதலில் கண்டறியப்பட்டதே நுரையீரல் நோயாளிகளின் இரத்தத்தில்தான். 1930-இல் ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில் டில்லெட், ஃபிரான்சிஸ் என்ற இருவர், நிமோனியா கண்டவர்களின் இரத்தநீரில் உள்ள ஏதோ ஒரு பொருள் நிமோனியாக் கிருமியின் சி என்ற சர்க்கரைப் பொருளோடு சேர்ந்து படிவதைக் கண்டார்கள். பெயரில் உள்ள சி அங்கிருந்து வந்ததுதான். ஆனால் அது நுரையீரலில் உண்டாவதில்லை, கல்லீரலில் உண்டாகிறது. எனவே நெருப்பு எந்த அறையில் என்று அந்த எண்ணை மட்டும் பார்த்து எங்களால் சொல்ல இயலாது.


அந்திவானம் எழுதியது:

ஐயா, தாங்கள் சொன்னது முற்றிலும் சரி. முதல் அறிக்கையில் டெசிலிட்டர் என்றும் மற்ற மூன்றிலும் லிட்டர் என்றும் இருக்கிறது. இரண்டு மாதமாக நான் உறங்காமல் கிடந்ததற்குக் காரணம் அந்த ஒரு சிறிய எழுத்து என்று எண்ணும்போது ஒரு பக்கம் நிம்மதியாகவும் ஒரு பக்கம் வருத்தமாகவும் இருக்கிறது. மற்ற ஐயங்களுக்கும் யாரேனும் விளக்கம் தருவீர்களா?


மார்புநோய் மருத்துவர் எழுதியது:

அம்மா, முதல் எண்ணைப் பற்றிய குழப்பம் தீர்ந்தது நல்லது. ஆனால் 9, 7.4 என்பவற்றையும் இயல்பு என்று தள்ளிவிடக் கூடாது. சீராக இருக்கும் காலத்திலும் இரத்தத்தில் இலேசான அழற்சி நின்றுகொண்டிருப்பது இந்த நோயில் பலரிடம் காணப்படுவதுதான். புகையால் மூச்சுக்குழாய்களின் உட்சுவர் ஆண்டுக்கணக்கில் புண்படுகிறது, அங்கே நியூட்ரோஃபில்களும் மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கணுக்களும் குவிகின்றன, புகையை விட்ட பிறகும் அவை முழுவதும் கலைந்துபோவதில்லை. அவை வெளியிடும் இண்டர்லூக்கின்-6 போன்ற தூதுப்பொருள்கள் இரத்தத்தில் கலந்து கல்லீரலை அடையும்போது, அது சி.ஆர்.பி.யையும் ஃபைப்ரினோஜெனையும் கூடுதலாகச் செய்கிறது. நுரையீரலில் பொங்கியது இரத்தத்தில் வழிகிறது என்பது ஒரு விளக்கம். வயது, புகை, உடல் பருமன், இதய நோய் ஆகியவற்றால் உடல் முழுவதிலும் எழும் அழற்சியின் ஒரு முகம்தான் நுரையீரல் நோய் என்பது மற்றொரு விளக்கம். என் பார்வையில் பெரும்பாலான நோயாளிகளிடம் இரண்டும் கலந்தே இருக்கின்றன.

எல்லா நோயாளிகளிடமும் இது இருக்கும் என்று நினைப்பதும் தவறு. எக்லிப்ஸ் என்ற பன்னாட்டு ஆய்வில் 1,755 சி.ஓ.பி.டி. நோயாளிகளிடம் வெள்ளையணுக்கள், சி.ஆர்.பி., இண்டர்லூக்கின்-6, இண்டர்லூக்கின்-8, ஃபைப்ரினோஜென், டி.என்.எஃப். ஆல்ஃபா என்ற மற்றொரு தூதுப்பொருள் ஆகிய ஆறையும் அளந்து, ஓராண்டு கழித்து மீண்டும் அளந்தார்கள். 2012-இல் வெளியான அதன் முடிவின்படி, தொடக்கத்தில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினரிடம் இந்த ஆறில் ஒன்றுகூடக் கூடியிருக்கவில்லை. இரண்டோ அதற்கு மேலோ கூடிய நிலையிலேயே ஓராண்டு கழித்தும் இருந்தவர்கள் 16 விழுக்காட்டினர் மட்டுமே. ஆனால் அந்த 16 விழுக்காட்டினர் பட்ட பாடு வேறு. மூன்றாண்டுக் கண்காணிப்பில் அவர்களில் 13 விழுக்காட்டினர் இறந்தார்கள். அழற்சி அறவே இல்லாதவர்களில் இறந்தவர்கள் 2 விழுக்காட்டினர். நோய் திடீரென முற்றுவதும் அவர்களுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 1.5 முறையும் அழற்சி இல்லாதவர்களுக்கு 0.9 முறையும் நேர்ந்தது. ஆகவே பொருளுடையது ஒரு நாள் எண் அன்று. சீரான காலத்தில், இடைவெளி விட்டு, மீண்டும் மீண்டும் ஏறியே நிற்கும் எண்தான் பொருளுடையது. உங்கள் தந்தையாரிடம் இரண்டு சீரான அளவீடுகளிலும் சி.ஆர்.பி. கூடியிருக்கிறது, ஃபைப்ரினோஜெனும் கூடியிருக்கிறது. இதைக் கவனிக்க வேண்டும். ஆனால் அச்சப்பட வேண்டியதில்லை, ஏனெனில் இது பெருங்கூட்டத்தின் சராசரியைப் பற்றிய செய்தி, ஒரு தனி மனிதரின் நாளையைப் பற்றிய தீர்ப்பு அன்று.

இனி இ.எஸ்.ஆர். பற்றிய உங்கள் கேள்வி. நீங்கள் எழுதியவற்றில் என்னை மிகவும் நிறுத்தி யோசிக்க வைத்தது இதுதான். இ.எஸ்.ஆர். என்பது ஒரு மணி நேரத்தில் சிவப்பணுக்கள் குழாயில் எவ்வளவு தூரம் கீழே இறங்குகின்றன என்பதன் அளவு. ஃபைப்ரினோஜென் போன்ற புரதங்கள் கூடினால் சிவப்பணுக்கள் நாணய அடுக்குகளைப்போல் ஒன்றோடொன்று ஒட்டி விரைவாக இறங்கும், எண் ஏறும். ஆனால் சிவப்பணுக்களின் கூட்டமே மிகுதியாக இருந்தால் ஒன்றையொன்று தடுத்து இறங்காமல் நிற்கும், எண் பொய்யாகத் தாழ்ந்துவிடும். உங்கள் தந்தையாரின் ஹீமோகுளோபின் 18.1. அவருடைய இ.எஸ்.ஆர். 4 என்றதன் காரணம் பெரும்பாலும் இதுதான், அழற்சி இல்லை என்று அது சொல்லவில்லை.

அப்படியானால் ஹீமோகுளோபின் ஏன் 18.1? இந்தக் கேள்வியை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நான் கேட்டிருப்பேன். இரத்தத்தில் ஆக்சிஜன் நெடுநாள் குறைவாக இருந்தால் சிறுநீரகம் அதை உணர்ந்து எரித்ரோபாய்டின் என்ற இயக்குநீரைக் கூட்டும், எலும்பு மச்சை சிவப்பணுக்களை மேலும் மேலும் உண்டாக்கும். காய்ச்சலாலும் வியர்வையாலும் உடலில் நீர் வற்றியிருந்தாலும் எண் சற்று ஏறித் தெரியும் என்பதால், இப்போது ஒரு முறை மீண்டும் எடுத்துப் பார்க்க வேண்டும். அப்போதும் அது உயர்ந்தே இருந்தால், அவர் அமைதியாக உட்கார்ந்திருக்கும்போதும், நடக்கும்போதும், உறங்கும்போதும் ஆக்சிஜன் அளவு என்ன என்று பார்க்கும்படி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். கடுமையான ஆக்சிஜன் குறைவு உள்ள சி.ஓ.பி.டி. நோயாளிகள் நாளொன்றுக்குப் பதினைந்து மணி நேரமோ அதற்கு மேலோ ஆக்சிஜன் எடுத்துக்கொண்டால் வாழ்நாள் நீள்கிறது என்பதை 1980-இலும் 1981-இலும் வெளியான இரண்டு ஆய்வுகள் தெளிவாகக் காட்டின. ஆக, உங்கள் நோட்டில் உள்ள எண்களில் உடனடியாகப் பின்தொடர வேண்டியது சி.ஆர்.பி. இல்லை, இந்த 18.1 தான்.

ஈசினோஃபில் கேள்விக்கு விடை எளிது. விழுக்காட்டை விட்டுவிட்டு மொத்த எண்ணிக்கையாகக் கணக்கிடுங்கள். முதல் அறிக்கையில் 8,500-இல் 4 விழுக்காடு, அதாவது ஒரு மைக்ரோலிட்டருக்கு 340. மூன்றாவதில் 13,200-இல் 0.3 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 40. மூன்றாவது அறிக்கை மருத்துவமனையில் சேர்ந்த மூன்றாம் நாள் எடுக்கப்பட்டது என்றீர்கள். அதற்குள் அவருக்கு ப்ரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மருந்து ஊசியாகவோ மாத்திரையாகவோ கொடுக்கப்பட்டிருக்கும். அந்த மருந்து சில மணி நேரத்திலேயே ஈசினோஃபிலை இரத்தத்திலிருந்து விரட்டிவிடும். இரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கிடந்த நியூட்ரோஃபில்களை ஓட்டத்துக்குள் இறக்கிவிட்டு, வெள்ளையணு எண்ணிக்கையையும் ஏற்றிவிடும். எனவே 13,200 முழுவதையும் கிருமித்தொற்றின் கணக்கில் எழுத முடியாது, 40 என்பதை அவருடைய உண்மையான ஈசினோஃபில் அளவாகவும் கொள்ள முடியாது. ஸ்டீராய்டு இன்ஹேலருக்கு வழிகாட்டும் எண் சீரான காலத்து எண்தான். கோல்டு என்ற உலகளாவிய வழிகாட்டியின்படி 300-க்கு மேல் இருந்தால், குறிப்பாக நோய் அடிக்கடி முற்றுபவராக இருந்தால், அந்த இன்ஹேலர் நன்கு பயன் தரும். 100-க்குக் கீழே இருந்தால் பயன் குறைவு, நிமோனியா வரும் வாய்ப்பு கூடுதல். உங்கள் தந்தையாருடைய 340 அந்த இன்ஹேலருக்கு ஆதரவாகவே இருக்கிறது. நீங்களாக அதை நிறுத்திவிடாதீர்கள்.

பதினான்காம் நாள் 18 என்பதைப் பற்றி ஒரு சொல். சி.ஆர்.பி.யின் அரை ஆயுள் சுமார் 19 மணி நேரம். அதை உண்டாக்கும் தூண்டுதல் முழுவதும் நின்றிருந்தால், 64 மூன்று நாளுக்குள் 8-க்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். இரண்டு வாரம் கழித்தும் 18 என்றால் உள்ளே இன்னும் கனன்றுகொண்டிருக்கிறது என்று கொள்ளலாம். நோய் முற்றிய பதினான்காம் நாளிலும் சி.ஆர்.பி. உயர்ந்தே இருப்பவர்களுக்கு அடுத்த 50 நாளுக்குள் மீண்டும் முற்றும் வாய்ப்பு கூடுதல் என்று 2007-இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. இந்த ஏழெட்டு வாரங்களில் அவரைச் சற்றுக் கூடுதலாகக் கவனியுங்கள். சளியின் நிறம் மாறினாலோ, வழக்கமான தூரம் நடக்க மூச்சு போதாமல் போனாலோ, நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

நான்காவது கேள்விக்கு விடை வருத்தம் தருவது. சி.ஆர்.பி.யையும் அதற்கு மூலமான தூதுப்பொருள்களையும் குறிவைத்து அடித்தால் நோய் தணியும் என்று நாங்களும் நம்பினோம். டி.என்.எஃப். ஆல்ஃபாவைத் தடுக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற மருந்தை சி.ஓ.பி.டி. நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2007-இல் வந்தது. நன்மை ஏதும் தெரியவில்லை, அதோடு மருந்து பெற்றவர்களிடம் புற்றுநோயும் நிமோனியாவும் எண்ணிக்கையில் கூடுதலாகக் காணப்பட்டன. கொழுப்புக்குக் கொடுக்கும் ஸ்டேட்டின் மாத்திரைகள் சி.ஆர்.பி.யைக் குறைக்கக் கூடியவை என்பதால், 885 நோயாளிகளிடம் சிம்வாஸ்டேட்டின் 40 மில்லிகிராம் கொடுத்துச் செய்த ஆய்வு 2014-இல் வெளியானது. நோய் முற்றும் எண்ணிக்கை குறையவில்லை. இதயத்துக்காகவோ கொழுப்புக்காகவோ ஸ்டேட்டின் எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டு நிறுத்தக் கூடாது, அது வேறு கணக்கு. சி.ஆர்.பி. என்ற எண்ணைத் துரத்தி மருந்து கொடுக்கும் வழி இன்று இந்த நோயில் இல்லை.


ஒன்பதாம்படி எழுதியது:

நானும் இந்த நோயோடு பதினோர் ஆண்டுகளாக வாழ்கிறேன், அம்மா. மருத்துவர் ஐயா எழுதியதற்கு மேல் அறிவாகச் சொல்ல என்னிடம் ஏதும் இல்லை, என் அனுபவத்தில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஓராண்டு முழுவதும் என் சி.ஆர்.பி. 12, 14 என்று நின்றது. மூச்சோ முன்னைவிட நன்றாகவே இருந்தது. நெஞ்சு நோய்க்காரன் என்பதால் எல்லோரும் நெஞ்சையே பார்த்தார்கள். ஒரு இன்ஹேலரை மாற்றினார்கள், இரண்டு முறை ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். பிறகு பல் ஆடுகிறது என்று பல் மருத்துவரிடம் போனபோதுதான், ஈறு முழுவதும் சீழ் பிடித்திருப்பது தெரிந்தது. இரண்டு பல்லை எடுத்து, ஈறுகளைச் சுத்தம் செய்து முடித்தபின் எடுத்த சி.ஆர்.பி. 4. நுரையீரல் அதே நுரையீரல்தான்.

அதற்குப் பிறகு நான் இரண்டு கணக்குகளை மட்டும் நாள்தோறும் வைத்திருக்கிறேன். காலையில் முதல் சளியை வெள்ளைத் தாளில் துப்பி, சன்னல் வெளிச்சத்தில் பார்ப்பேன். வெள்ளையாகவோ நுரையாகவோ இருந்தால் சரி, மஞ்சளாகிப் பச்சைக்குத் திரும்பினால் குறித்துக்கொள்வேன். மாடிப்படியில் எத்தனையாவது படியில் நிற்க வேண்டியிருக்கிறது என்பதையும் எழுதுவேன். எனக்கு ஒன்பதாவது படி. அது ஆறாவது படி ஆகிவிட்டால் நான் எந்த அறிக்கைக்கும் காத்திருப்பதில்லை.


ஆய்வு மாணவர் எழுதியது:

மருத்துவர் ஐயாவின் விளக்கத்தை மதிப்போடு படித்தேன். ஆயினும் ஒரு மறுப்பை முன்வைக்க விரும்புகிறேன். இந்த எண்ணைக் குறைத்து நோயைக் குறைக்க முடியாது என்றால், நோய் முற்றுவதை முன்கூட்டிச் சொல்ல சென்ற ஆண்டு எத்தனை முறை முற்றியது என்ற ஒரு கேள்வியே எந்தக் குறியீட்டையும்விட நன்றாக உதவுகிறது என்று எக்லிப்ஸ் ஆய்வே 2010-இல் காட்டியிருக்கும்போது, நோயாளியின் கையில் மீண்டும் மீண்டும் ஊசி குத்தி இந்த அளவுகளை எடுப்பதன் பயன்தான் என்ன? இந்த அம்மையார் இரண்டு மாதம் உறங்காமல் கிடந்ததுதான் அந்த அளவீட்டின் விளைவு. ஃபைப்ரினோஜெனை 2015-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இந்த நோய்க்குரிய ஒரு குறியீடாக ஏற்றது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஏற்பு எதற்கு? புதிய மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வுகளில், நோய் முற்றும் வாய்ப்பு மிகுந்தவர்களைத் தேர்ந்து சேர்ப்பதற்காக. ஒரு தனி நோயாளிக்கு மருந்து முடிவு செய்வதற்காக அன்று. அந்த வேறுபாட்டைச் சொல்லாமல் 412 என்ற எண்ணைக் கவனிக்க வேண்டும் என்றால், படிப்பவர் அதை நோயின் அளவுகோலாகவே எடுத்துக்கொள்வார்.


மார்புநோய் மருத்துவர் எழுதியது:

தம்பி, உங்கள் மறுப்பில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஃபைப்ரினோஜெனைப் பற்றி நீங்கள் சொன்ன வேறுபாட்டை நானே எழுதியிருக்க வேண்டும். டெசிலிட்டருக்கு 350 மில்லிகிராம் என்ற எல்லை ஆய்வுகளுக்கு ஆள் தேர்ந்தெடுக்கப் பயன்பட்டது. அதைத் தாண்டிய ஒருவருக்கு நான் இன்று தனியாகத் தரும் மருந்து ஏதும் இல்லை. நான் கவனிக்கச் சொன்னது அதன் மற்றொரு முகத்துக்காக. இரத்தம் உறைவதில் பங்குகொள்ளும் புரதம் அது, சி.ஓ.பி.டி. நோயாளிகளில் பலர் மூச்சால் மட்டுமன்றி இதயத்தாலும் இறக்கிறார்கள். எனவே அந்த எண்ணைப் பார்த்தால் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, இ.சி.ஜி. ஆகியவற்றைக் கடைசியாக எப்போது பார்த்தோம் என்று நான் கேட்பது வழக்கம்.

ஆனால் எல்லா அளவீடும் வீண் என்ற இடத்தில் உங்களோடு வேறுபடுகிறேன். இரண்டு இடங்களில் இரத்தத்தின் எண் நான் எழுதும் மருந்துச் சீட்டை மாற்றியிருக்கிறது. ஒன்று ஈசினோஃபில், அதை மேலே சொன்னேன். அந்த எண்ணிக்கை 300-க்கு மேல் இருந்து, மூன்று மருந்து கலந்த இன்ஹேலரையும் மீறி நோய் முற்றிக்கொண்டே இருப்பவர்களுக்கு, இண்டர்லூக்கின்-4, இண்டர்லூக்கின்-13 என்ற இரண்டின் வேலையையும் தடுக்கும் டுபிலுமாப் ஊசி நோய் முற்றுவதை ஏறத்தாழ 30 விழுக்காடு குறைத்தது என்று 2023-இல் வெளியான ஆய்வு காட்டியது. 2024-இல் எஃப்.டி.ஏ. அதை இந்த நோய்க்கு ஏற்றது. டி.என்.எஃப். ஆல்ஃபாவைத் தடுத்துத் தோற்ற அதே துறையில் இது வென்றதற்குக் காரணம், எல்லா நோயாளிகளையும் ஒன்றாகக் கட்டாமல், இந்த வகை அழற்சி உள்ளவர்களை எண்ணிப் பார்த்துத் தேர்ந்தது என்றே நான் கருதுகிறேன்.

மற்றொன்று ஆன்டிபயாடிக் தேவையா என்ற முடிவு. நோய் முற்றும்போதெல்லாம் அது கிருமியால் என்று சொல்ல முடியாது. வைரஸாலும் வரலாம், ஈசினோஃபில் பெருகுவதாலும் வரலாம், அழற்சியே பெரிதாகத் தெரியாமலும் வரலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 653 நோயாளிகளிடம் செய்யப்பட்ட ஓர் ஆய்வு 2019-இல் வெளியானது. அதில் ஒரு பாதியினருக்கு விரல் நுனியில் குத்திச் சில நிமிடங்களில் சி.ஆர்.பி. பார்த்தார்கள். 20-க்குக் கீழே இருந்தால் ஆன்டிபயாடிக் பெரும்பாலும் பயன் தராது, 40-க்கு மேல் இருந்தால் பயன் தரக்கூடும், இடையில் இருந்தால் சளியில் சீழ் நிறம் உண்டா என்று பார்த்து முடிவு செய்யலாம் என்பது அங்கே தரப்பட்ட வழிகாட்டல். வழக்கமான முறையில் 77 விழுக்காட்டினர் ஆன்டிபயாடிக் எடுத்தார்கள், சி.ஆர்.பி. பார்த்த குழுவில் 57 விழுக்காட்டினர். குறைவாக எடுத்ததால் அவர்கள் குணமடைவது கெட்டதற்கு அறிகுறி இல்லை. தேவையற்ற ஆன்டிபயாடிக்கை எத்தனையோ முறை விழுங்கிய நோயாளிகளை நாள்தோறும் பார்க்கும் எனக்கு, இது சிறிய செய்தியாகத் தோன்றவில்லை.

ஒன்பதாம்படி ஐயா எழுதிய சளியின் நிறமும் படியின் கணக்கும் இந்தச் சோதனைகளுக்கு வெளியே இருப்பவை அல்ல. நோய் முற்றிய நேரத்தில் 36 குறியீடுகளை அளந்து பார்த்த 2006-ஆம் ஆண்டு ஆய்வில், சி.ஆர்.பி. தனியாக நின்று நோயை உறுதிசெய்யப் போதவில்லை. மூச்சுத்திணறல், சளியின் அளவு, சளியின் நிறம் ஆகிய மூன்றில் ஒன்றையேனும் அதோடு சேர்த்துப் பார்த்தபோதுதான் அது நம்பத்தக்கதாயிற்று. அவருடைய வெள்ளைத் தாள் அந்தச் சோதனையின் மறுபாதி.


அந்திவானம் எழுதியது:

எல்லோருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. நோட்டில் அலகுக்கும் மருந்துக்கும் தனித்தனிப் பத்தி போட்டுவிட்டேன். மூன்றாவது அறிக்கைக்கு முந்தைய இரண்டு நாளும் அப்பாவுக்கு ப்ரெட்னிசோலோன் 40 மில்லிகிராம் கொடுத்திருக்கிறார்கள் என்று டிஸ்சார்ஜ் தாளில் இருக்கிறது. விரலில் மாட்டும் கருவியில் இன்று காலை பார்த்தேன். உட்கார்ந்திருக்கும்போது ஆக்சிஜன் 90, கூடத்தில் இரண்டு முறை நடந்து வந்ததும் 85. நாளைக்கே மருத்துவரைப் பார்க்கிறோம். அங்கே ஹீமோகுளோபினையும் ஆக்சிஜனையும் பற்றிக் கேட்பேன். இன்னும் ஒரே ஒரு கேள்வி. ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சின் என்ற சோதனையை எடுக்கும்படி மருத்துவமனையில் எழுதிக் கொடுத்தார்கள். சி.ஆர்.பி. 18 என்று இருக்கும் இப்போதே அதையும் சேர்த்து எடுத்துவிடலாமா?


மார்புநோய் மருத்துவர் எழுதியது:

85 என்ற எண்ணை நாளை சொல்லும்போது, எவ்வளவு தூரம் நடந்தபின், எவ்வளவு நேரத்தில் மீண்டும் ஏறியது என்பதையும் சொல்லுங்கள், அம்மா. விரலில் மாட்டும் கருவியின் எண்ணை மட்டும் நம்பாமல், மணிக்கட்டுத் தமனியில் இரத்தம் எடுத்து ஆக்சிஜனையும் கரியமில வாயுவையும் பார்ப்பார்கள். அது சற்று வலிக்கும் என்று அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சினைச் சற்றுத் தள்ளிப்போடுங்கள். நுரையீரலை நியூட்ரோஃபிலின் நொதியிலிருந்து காக்கும் அந்தப் புரதம் பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு இந்த நோய் எளிதில் வரும். சி.ஓ.பி.டி. உள்ள ஒவ்வொருவருக்கும் வாழ்நாளில் ஒரு முறையேனும் அதைப் பார்ப்பது நல்லது. ஆனால் அதுவும் சி.ஆர்.பி.யைப் போலவே அழற்சியின்போது கல்லீரல் கூட்டிச் செய்யும் ஒரு புரதம். உடலில் அழற்சி கனன்றுகொண்டிருக்கும்போது எடுத்தால், உண்மையில் சற்றுக் குறைவாக உள்ளவருக்கும் இயல்பு என்று வந்துவிடக்கூடும். சி.ஆர்.பி. பழைய 7, 8 என்ற அளவுக்குத் திரும்பிய பிறகு, ஓரிரு மாதம் கழித்து, இரண்டையும் ஒரே குழாய் இரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள். அறிக்கை வந்ததும் இரண்டு எண்களையும் அலகோடு இங்கே எழுதுங்கள்.